இரண்டாவது கையெழுத்து

படிவம் கைக்கு வந்ததும், அதில் ஏற்கெனவே இருக்கும் கையெழுத்தை ஒரு காகிதத் துண்டால் மறைத்துக் கிளிப் போடுகிறார். அதன் பிறகுதான் விண்கலத்தின் பக்கம் திரும்புகிறார். "முன்னாடி யாரு பாத்தாங்கன்னு தெரிஞ்சா, என் கண்ணு தூங்கிடும்."

வேற்றுக் கிரகத்தில் இறங்கப்போகும் ஆளில்லாக் கலங்களை, மூடுவதற்கு முன் சரிபார்ப்பது இவருடைய வேலை. வயது ஐம்பத்து நான்கு. முழங்கால் வலி உண்டு. ஆனாலும் மாடிப்படிக் கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார். தூசி நுழையாத அந்தக் கூடத்தில் வெள்ளை அங்கிக்கும் முகமூடிக்கும் உள்ளே எல்லாரும் ஒரே அச்சு. இடுப்பில் கைவைத்து ஒரு திருகாணியை முறைத்துக்கொண்டிருந்தால் அது இவர். 'பூதக்கண்ணாடி' என்று முதுகுக்குப் பின்னால் பெயர். இவருக்கும் தெரியும். "பூதத்தோட நிறுத்தாம கண்ணாடியையும் சேத்தாங்களே, அது வரைக்கும் சந்தோஷம்."

இந்தச் சந்தேகம் கூடவே பிறந்ததல்ல. ஏழு வருடங்களுக்கு முன் போன கலம் எட்டு மாதம் சமர்த்தாகப் பறந்து, இறங்கும் கடைசி நிமிடத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டது. விசாரணைக் குழு நானூறு பக்கம் எழுதி, காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று முடித்தது. அந்தக் கலத்துக்கு இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் இவர்.

"முதல் ஆளு பாத்திருப்பாருன்னு நான் போட்டேன். எப்படியும் இந்தம்மா பாப்பாங்கன்னு அவரு போட்டிருப்பாரு. கையெழுத்து ரெண்டு இருந்துச்சு. பாத்த கண்ணு ஒண்ணுகூட இல்ல."

கலம் தொலைந்தால் வெளியில் இருப்பவர்கள் சூரியப் புயல், எரிகல் என்று பெரிய இடத்தில் தேடுவார்கள். இவர் தேடுவது கழற்ற மறந்த மூடியை, மாறிப்போன அளவை, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க ஓடியவரை. "அங்க போய் யாரு ஸ்பேனர் புடிக்கறது?"

வீட்டிலும் ஒருநாள் பட்டிருக்கிறார். மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கணவர் நடக்கப் போய்விட்டார். தெரியாமல் இவரும் ஒன்று கொடுத்தார். மாமியார் குளியலறை வாசலில் சரிந்தார். காலை உயர்த்திப் படுக்கவைத்து, டாக்டருக்குப் போன் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்துப் பொழுதைத் தள்ளினார்கள். மறுநாளிலிருந்து, கொடுத்தவர் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு மாத்திரை முழுங்க எம்மவன் கையெழுத்துப் போடணுமாடி?"

"நீங்களும் போடணும் அத்தை."

போன மாதம் புதுக் கலத்தை மூடும் நாள். குறித்த நாட்களுக்குள் கிளம்பாவிட்டால் கிரகம் விலகிப்போகும். அடுத்த வாய்ப்புக்கு இருபத்தாறு மாதம் காத்திருக்க வேண்டும். குழுத் தலைவர் காலையிலிருந்தே கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் டெஸ்ட் எல்லாம் பாஸ் மேடம். மூடிடலாமா?"

"எல்லாமே பாஸா? அதான் உதைக்குது."

கலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும் உள்ளங்கையளவு கருவியின் முன் நின்றுவிட்டார். திருகாணி கழன்றுவிடாமலிருக்கத் தலையில் வைக்கும் பச்சைப் பூச்சு மற்ற இடங்களில் மங்கியிருந்தது. இந்த நான்கில் மட்டும் பளபளத்தது.

"இதைக் கழட்டினது யாரு?"

மூத்த ஃபிட்டர் கையைத் தூக்கினார். "நான்தாங்கக்கா. அம்புக்குறி தலைகீழா இருந்துச்சு. திருப்பி மாட்டிட்டேன். நல்லதுதானே செஞ்சேன்?"

"எழுதினீங்களா?"

"ரெண்டு நிமிஷ வேலை. அதைப் போயி எழுதுவாங்களா?"

இவருக்கு மாமியாரின் மாத்திரை ஞாபகம் வந்தது. பக்கத்து அறையில் இருந்த புரோகிராமரைப் போனில் பிடித்தார். "இடது வலதுன்னு நீ எதையாச்சும் மாத்தினியா?"

"ஆமா மேடம், மாட்டின புதுசுல கலத்தை அசைச்சப்போ சென்சார் தலைகீழா காட்டுச்சு. கருவியைத் தொட்டா லேட்டாகும்னு புரோகிராம்லயே மாத்திட்டேன்."

ஒரே தவறை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தியிருந்தார்கள். தவறு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் சோதனை இதைக் காட்டாது. அதில் கலம் அசைவதே இல்லை, கற்பனை எண்களைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.

"கிரேன்ல மாட்டித் திருப்புங்க."

"அரை நாள் போயிடும் மேடம்!" என்றார் தலைவர்.

"போகட்டும். இல்லன்னா கலமே போயிடும்."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்கள். கலத்தை மெதுவாக வலது பக்கம் திருப்பினார்கள். திரையில் எண்கள் இடது பக்கம் ஓடின.

"அப்போ, போன தடவையும்..." என்று தலைவர் தொடங்கினார்.

"தெரியாது" என்றார் இவர்.

புரோகிராமில் செய்த மாற்றத்தை நீக்கி, எழுதி, மறுபடி திருப்பிப் பார்த்தார்கள். வலது வலதாக ஓடியது. ஃபிட்டர் கைதட்டினார். இவர் தட்டவில்லை, பக்கத்துக் கருவியின் பூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவுக்குள் எல்லாத் திருகாணியையும் ஒரு சுற்று பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மூடுவதற்கான கடைசிக் கையெழுத்து தலைவருடையது. அவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, இவர் பெயர் இருக்கும் இடத்தைத் தேடிக் குனிந்தார். இவர் தன் கையெழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். தலைவர் பெருமூச்சு விட்டு, டார்ச்சை வாங்கிக் கலத்துக்குள் தலையை நுழைக்கும் வரை, அந்தக் கையை எடுக்கவில்லை.