பாட்டு அலமாரி நனைந்த வாரம்

அவளைத் தெருவில் எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகல் எடுக்கும் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. யார் யாருடைய சான்றிதழோ, வாடகை ஒப்பந்தமோ இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய்ச் சுடச்சுட வெளியே வரும். கறை விழுந்து வீணாகும் தாள்களை முதலாளி அவளிடமே கொடுத்துவிடுவார்.

"எடுத்துட்டுப் போம்மா, உன் பாட்டுக்கு ஆகும்."

ஆகத்தான் செய்தது. ஞாயிறுதோறும் ஆலயத்தின் பின்னறையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவது அவள்தான். அந்தத் தாள்களின் வெள்ளைப் பக்கங்களை ஒட்டிப் பெரிய சார்ட்டுகளாக்குவாள். கட்டைவிரல் பருமனில் எழுத்து. சூரியன், படகு, ஆட்டுக்குட்டி என்று வரும் இடத்தில் எழுத்துக்குப் பக்கத்திலேயே படம். கைதட்டிப் பாடுகிறவை மேல்தட்டில், அமைதியானவை நடுவில், கிலுகிலுப்பையும் மணியும் கீழே. சுவரலமாரி அவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

"வீட்டுல உப்பு எங்கன்னு கேட்டா அரை மணி நேரம் தேடுவா. அங்க மட்டும் கண்ணைக் கட்டி விட்டாலும் எடுத்துடுவா" என்பான் அவள் கணவன். அவன் வேன் ஓட்டுகிறவன். எதைச் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வான்.

அவர்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. ஓயாமல் பேசுவாள், நாம் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள் என்பதால் அப்பன் வைத்த பெயர் ரேடியோ. மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். "ஏண்டி, காதை எங்கேயாவது அடகு வச்சுட்டியா?" என்று ஜெராக்ஸ் அக்கா தினமும் கத்துவாள். பள்ளியிலும் கவனம் போதாது என்றே சொன்னார்கள். ஆனால் பாட்டு வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, சார்ட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், தொண்டை கிழியப் பாடுகிறவள் அவள்தான். தாய்க்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மறுநாள் பாட்டுகளை எடுத்துவைக்கப் போன ஜெராக்ஸ் அக்கா அலமாரியைத் திறந்தாள். தண்ணீர் அவள் காலில் கொட்டியது. சுவருக்குள் ஓடிய குழாய் எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது. சார்ட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஊறிய ரொட்டி போலக் கையோடு வந்தன. சூரியன் படகுக்குள் கரைந்திருந்தது. ஒரு எழுத்து மிச்சமில்லை.

எட்டிப் பார்த்த போதகர், "அடடா... நாளைக்குப் பாட்டு வேண்டாம்மா, கதை சொல்லி அனுப்பிடலாம்" என்றார்.

"தாள்தானே ஐயா நனைஞ்சுது. பிள்ளைங்க வாய் நல்லாத்தான் இருக்கு. நான் பாடப் பாட அவங்க பாடட்டும்" என்றாள் அவள்.

ஞாயிறு காலை, குச்சியும் சார்ட்டும் இல்லாமல் வெறுங்கையோடு பிள்ளைகள் முன்னால் நின்றாள். பழைய பாட்டுகளைப் பிள்ளைகள் பிசகாமல் பாடினார்கள். நடுவில் ஒரு வாண்டு கையைத் தூக்கி, "அக்கா, 'எல்லாம் நீரே'ன்னா எல்லாமே தண்ணியா?" என்று கேட்டது. நேற்று நனைந்த அலமாரியை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. "இல்லடா, நீரேன்னா நீங்கதான்னு அர்த்தம்" என்றாள்.

பிறகு புதுப் பாட்டு. யாரும் கேட்டிராதது, அவளே கட்டியது.

"சின்னச் சிறகை விரித்தேன்" என்று பாடினாள். பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள். எல்லாருக்கும் மேலே ரேடியோவின் குரல் கணீரென்று எழுந்தது.

"சின்ன விறகை எரித்தேன்!"

அறையே சிரித்து உருண்டது. ஜெராக்ஸ் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வந்த இடத்துல வாலாட்டாதே. ஒழுங்காப் பாடு."

மகள் அவள் வாயையே உற்றுப் பார்த்தாள். மறுபடியும் அதே விறகு, அதே நெருப்பு. முகத்தில் குறும்பின் சாயல் துளியும் இல்லை.

சிரிப்பை அடக்க ஒரு வழி தோன்றியது. "எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் பாடுறதை மட்டும் கேளுங்க. அப்பத்தான் ராகம் மனசுல நிக்கும்." எல்லோரும் மூடினார்கள். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து ரேடியோவும் மூடிக்கொண்டாள். ஜெராக்ஸ் அக்கா பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள்.

"சரி, கண்ணைத் திறங்க."

அத்தனை கண்களும் திறந்தன, ரேடியோவின் கண்களைத் தவிர. உதட்டில் லேசான சிரிப்போடு, கைகளை மடியில் வைத்து, சமர்த்தாகக் காத்திருந்தாள்.

"திறக்கலாம்டி, கண்ணு."

அசைவில்லை.

"அக்கா, ரேடியோ ஆஃப் ஆயிடுச்சு!" என்று ஒருவன் கத்தினான். மறுபடி சிரிப்பு அலையடித்தது. அதற்கும் அசைவில்லை.

ஜெராக்ஸ் அக்கா மகளின் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குனிந்து, காதருகே கூப்பிட்டாள். கூடியிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கடைசியில் அவள் விரல் கன்னத்தில் பட்டதும் குழந்தை கண்ணைத் திறந்து, "பாடி முடிச்சிட்டியாம்மா?" என்றாள்.

வகுப்பு முடிந்து வீடு வந்ததும் நடந்ததைச் சொன்னாள். கணவன் நம்பவில்லை. "போடி, அவ திமிரு பிடிச்சவ. இப்பப் பாரு" என்று, படம் வரைந்துகொண்டிருந்த மகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி ஜெராக்ஸ் அக்கா கேட்டதே இல்லை.

"ஐஸ்கிரீம் வாங்கப் போறேன், வர்றியா?"

குழந்தை பச்சைப் பென்சிலைத் தேடி எடுத்து மரத்துக்கு இலை போட்டது.

இரண்டாம் முறை சொன்னான். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஐஸ்கிரீம்னு சொன்னேன்டி" என்றான் மனைவியைப் பார்த்து.

காது டாக்டரம்மா சின்னக் கண்ணாடி அறைக்குள் குழந்தையை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். வெளியே நின்ற தாய் அந்தக் கை எழுவதற்காகக் காத்திருந்தாள். கை மடியிலேயே கிடந்தது. எப்போதாவதுதான் எழுந்தது.

"கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சிருக்கு. வருஷக்கணக்கா இருக்கலாம்" என்றார் டாக்டர். "கெட்டிக்காரப் பொண்ணு. உதட்டைப் பார்த்தே எல்லாத்தையும் சமாளிச்சிருக்கா."

"நல்லாப் பாடுவாளே டாக்டர்!"

டாக்டர் குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "பாட்டெல்லாம் எப்படிம்மா பாடினே?"

"ராகம் எல்லாம் சின்னதுல கத்துக்கிட்டது. வார்த்தைதான் அம்மா பெருசா எழுதி வச்சிருப்பாங்களே!"

பார்த்துப் பார்த்து ஜெராக்ஸ் அக்கா எழுதிய எழுத்துகளே மகளின் காதை அவளிடமிருந்து மறைத்திருக்கின்றன.

"கேக்கலைன்னு ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நினைச்சேன்."

காதுக் கருவி வந்தது. மாட்டிய முதல் நாள் குழந்தை வீட்டுக்குள் திருடனைப் போல நடந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகுவதைக் கேட்டு மிரண்டது. வாசலில் தன் செருப்புச் சத்தத்தைத் தானே நின்று நின்று கேட்டது. "எப்படிடா இருக்கு?" என்று அப்பன் வழக்கம்போல முழங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது.

"அப்பா, நீங்க எப்பவும் இப்படித்தான் கத்துவீங்களா?"

அடுத்தடுத்த வாரங்களில் ஜெராக்ஸ் அக்கா சார்ட்டுகளைத் திரும்ப எழுதினாள். கடை முதலாளி இந்த முறை கறை படாத புதுத் தாளே கொடுத்தார். ஆனால் வகுப்பு நடத்தும் முறை மாறிவிட்டது. முதல் தரம் சார்ட்டைக் காட்டிப் பாடவைப்பாள். இரண்டாம் தரம் அதைத் திருப்பி வைத்துவிட்டு, அறையைச் சுற்றி நடந்தபடி, பிள்ளைகளின் பின்னாலிருந்து பாடுவாள். ஒவ்வொரு வாயாகக் கவனிப்பாள். ஏன் இப்படி என்று கேட்ட போதகருக்கு, "பயமா இருக்குய்யா" என்று மட்டும் சொன்னாள்.

கருவியோடு மகள் வகுப்புக்கு வந்த முதல் ஞாயிறு, பிள்ளைகள் எல்லோரும் சிறகை விரித்துப் பாடினார்கள். ரேடியோ மட்டும் வாயைத் திறக்கவில்லை. கண்கள் அகல விரிய, ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்ததும் தாய் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி, கேக்கலையா?"

"கேக்குதும்மா" என்றாள் மகள், அதிர்ச்சி விலகாத முகத்தோடு. "இவங்க இவ்ளோ மோசமாவா பாடுறாங்க?"

"நீயும் அப்படித்தான்டி பாடுவே."

"நானுமா!"

ரேடியோ எழுந்து நின்று, புதுப் பாட்டின் முதல் வரியை மெதுவாக, தன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடிப் பார்த்தாள்.