மாமியாற் அறை

குசுமாவதி அக்கா விரலைச் சொடுக்கினால் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் எழுந்து கும்பிடும். பௌர்ணமிக் கூட்டத்தில் பாதி மலையைச் சுற்ற வரவில்லை, அவர் கீபோர்டைச் சுற்றத்தான் வருது.

நிஜத்தில் அவருக்கு இருப்பது நாற்பத்திரண்டு வயசு, இடுப்பு வலி, செங்கம் ரோட்டு லாட்ஜ் ஆபீசில் ஒரு ஆட்டங்கண்ட நாற்காலி.

லாட்ஜில் எட்டு அறை, எட்டுக்கும் கிரிவல லிங்கங்களின் பெயர். வெப்சைட்டை அக்காதான் எழுதினார். பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் ரெண்டு டாலர் குறி போட்டால், பட்டியலில் உள்ள பெயரே வேரியபிளுக்கும், அதாவது தகவலைப் போட்டுவைக்கும் பெட்டிக்கும், பெயராகிவிடும். ஒவ்வொரு அறையின் முன்பதிவும் அந்தப் பெயருக்குள் போய் உட்காரும். அன்றைக்கு அது சாமர்த்தியம். இன்றைக்குத் தலைவலி.

பௌர்ணமிக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலரை. ஓனர் முருகவேல் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? எம அறைக்கு ரெண்டு குடும்பம் வந்து நிக்குது!"

அக்கா பட்டியலைத் திறந்தார். 'எம' இருந்த இடத்தில் 'மாமியாற்' என்று இருந்தது. மிஷினுக்கு எழுத்துப்பிழை தெரியாது. புதுப் பெயர், புது வேரியபிள், காலி அறை என்று நம்பி அதே அறையை இன்னொரு குடும்பத்துக்கும் கொடுத்துவிட்டது.

"எமனுக்கு மாமியாரே தேவலைன்னு எவனோ நினைச்சிருக்கான்," என்று சிரித்தார் முருகவேல்.

"சிரிக்காதீங்க சார். பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்."

அக்கா ஜைனக் குடும்பம். இருட்டினால் சாப்பாடு கிடையாது. அவருடைய மத்தியானச் சாதமே டப்பாவில் அப்படியே இருந்தது.

"பேரை நம்பினது என் தப்பு. எட்டையும் ஒரே அரேல போட்டிருக்கணும்."

"எட்டு குடும்பத்தையும் ஒரே அறையிலயா? அடிச்சுக்குவாங்கம்மா!"

"அறை இல்ல சார், அரே. நம்பர் போட்ட வரிசை. பேர் மாறினாலும் நம்பர் மாறாது."

முருகவேல் ரெண்டாவது குடும்பத்துக்குத் தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்டார். அக்கா வரி வரியாகப் பிரித்து மாற்றினார். முடித்து நிமிர்ந்தபோது ஜன்னலில் மலை கறுப்பாக இருந்தது. டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.

ஓனர் மகள் மணிமொழி நோட்டோடு வந்தாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய வாலு.

"உங்களைப் பத்தி எழுதறேன்க்கா. கம்ப்யூட்டர் எல்லாம் எழுந்து கும்பிடும்னு ஆரம்பம். எப்படி?"

"நல்லா இருக்கு. எங்க, 'மாமியார்'னு ஒரு வாட்டி எழுது."

எழுதினாள். அக்கா கடைசி எழுத்தையே பார்த்தார். பட்டியலில் இருந்த அதே 'ற்'.

"சின்ன 'ர்' போடணும்டி. நாளைக்கு விடிஞ்சதும் இட்லி உன் செலவு."

"ஆறு வாங்கியாறேன்க்கா," என்றாள் மணிமொழி, தலை நிமிராமல்.