பேர் மாற்றிய கப்பலுக்கு மூன்று நாள் தீட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை. அந்த வாயால் ஒருதரம் சொன்ன சொல்லை மட்டும் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைக் கொண்டுபோய் ஏற்றுவது எங்கள் ஆட்களின் தோணிகள். அப்பா அவற்றுக்குத் தண்டல். அவர் சொன்னால்தான் தோணி நகரும். வந்துபோன கப்பல்களில் ஒன்றுக்கு எங்கள் ஊர்ப் பேர். வெள்ளைக்காரன் கட்டியபோது யாரோ துரைசானி பேராம். பினாங்கில் கடை வைத்திருந்த நம்மூர் முதலாளி ஒருவர் அதை வாங்கி, பின்பக்கத்தில் 'நாகப்பட்டினம்' என்று எழுதவைத்தார். கரிப்புகையைக் கக்கிக்கொண்டு அது வந்து நின்றால் எங்கள் குப்பத்துக்கே தலைகால் புரியாது.

என் தம்பி அதில் கரி அள்ளிப் போடப் போனது ஆசைப்பட்டு அல்ல. அறுவடைக் காலத்தில் நானும் அவனும் கருவாட்டுக் கூடையோடு மேற்கே களங்களுக்குப் போவோம். கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்குவோம். அந்த வருஷம் கூலி நெல் கூடக் கேட்டு ஆட்கள் அரிவாளைக் கீழே போட்டிருந்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்தில் கைகலப்பாகி, மிராசுதாரின் காரியக்காரருக்கு மண்டை உடைந்தது. தம்பி கையில் கூடை தூக்குகிற கம்பு இருந்தது. அது போதாதா? கேஸில் அவன் பேரும் ஏறியது.

போலீஸ் குப்பத்துக்கு வருவதற்குள் அவனைத் தோணியில் சாக்குக்கு அடியில் படுக்கவைத்துக் கப்பலுக்கு அனுப்பினோம். கரையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "நம்ம ஊரு பேரு இருக்குற கப்பலுடா, கைவிடாது. ஆனா எவனாவது வாங்கிப் பேர மாத்துனான்னா மூணு நாளைக்கு அதுல கால வைக்காத. என் மேல சத்தியம் பண்ணு."

பேர் மாற்றிய தோணிக்கு எங்களிடம் மூன்று நாள் தீட்டு. பழைய பேர் இறங்கிப் போகிறவரை யாரும் அதில் ஏற மாட்டோம். தம்பி என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

பிறகு ஒரேயொரு தரம் கப்பல் வந்தது. கைதுக்குப் பயந்து அவன் கரையிறங்கவில்லை. அதற்கப்புறம் ஆட்சி மாறியது, தெருவெல்லாம் கறுப்பு சிவப்புக் கொடி. களத்துச் சண்டை ஓயவில்லை என்றாலும் எங்கள் கேஸ் மட்டும் எப்படியோ தள்ளுபடியானது. "பயமில்ல, வீட்டுக்கு வா" என்று கப்பல் பேருக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றும் அப்படியொரு கப்பல் இல்லை என்று திரும்பி வந்தன. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் வெங்காய மூட்டை ஏற்றப்போன தோணிகள் போன வேகத்திலேயே திரும்பின.

"நம்ம ஊரு கப்பல்தான்," என்றார் அப்பா. "வித்துட்டானுவ. வாங்குனவன் மக பேர எழுதி வச்சிருக்கான். பெயின்ட்டுக்கு அடியில பழைய எழுத்து தெரியுது. என்னிக்கி மாத்துனானோ, நம்ம கண்ணுல பட்ட நாளுலேந்து மூணு நாளைக்கு எவனும் கிட்டப் போவப்படாது."

கப்பல் ஏஜென்ட்டின் ஆள் கரையில் நின்று குதித்தார். "சரக்கு ஏறலன்னா சாயங்காலமே கெளம்பிடும்யா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யப்பா, ஒன் மவன் அதுல இருக்கான். கேஸ் போனது தெரியாம கரியில வேவுறான். தீட்டு பாக்குற நேரமா இது?"

"தண்டலே மீறுனா நாளைக்கி எவன் என் பேச்சக் கேப்பான்?"

"அப்ப நான் போறேன்."

பொம்பளை கடலில் இறங்குவது அதைவிடப் பெரிய குற்றம். கிடந்த ஒரு கட்டுமரத்தைத் தள்ளி ஏறி உட்கார்ந்தேன். பின்னால் ஒருத்தன் காறித் துப்பினான். அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து துடுப்பைப் பிடித்தார்.

அலை தாண்டும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. கப்பலின் பின்பக்கம் வந்ததும் புதுப் பேருக்கு அடியில் எங்கள் ஊர் எழுத்துகள் புடைத்துத் தெரிந்தன. தொண்டை கிழியத் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கரி அப்பிய முகம் ஒன்று மேலேயிருந்து எட்டிப் பார்த்தது. அவன்தான் என்று அழுதே விட்டேன். அவன் இல்லை. அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர்.

"அவர் அக்காவா நீங்க?" என்றார். "அவர் இல்லீங்களே. ஏழெட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு தொறமுகத்துல வச்சுப் பேர மாத்துனாங்க. அன்னிக்கே மூட்டையத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டாரு. எவ்வளவோ சொன்னோம். மூணு நாள் கழிச்சு ஏறிக்கிறேன், அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்னாரு. கப்பல் ரெண்டாம் நாளே கெளம்பிடுச்சுங்க."

எந்த ஊர் என்று அப்பா கேட்டார். நாங்கள் கேள்விப்படாத ஒரு பேரை அவர் சொன்னார். மறந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா துடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கரையில் அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். "பாத்தியா? வரச் சொன்னியா?" என்று என் முந்தானையைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் சொன்னதாலதாம்மா அவன் வரல," என்றேன்.