டீச்சர் வாங்கி வைத்த தடித்த வயர்

என் எழுத்து ஒரு வரியில் மேலே ஏறும், அடுத்த வரியில் கீழே இறங்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். இரும்பு ஆலையில் கம்பி சுமந்த கை இது. பேனா பிடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிடிக்க வைத்தவர் ரோஸ்லின் டீச்சர். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றபின், கும்மிடிப்பூண்டி மாதா கோயில் பின்கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்.

போன மாதம் டீக்கடையில் நான் பேப்பர் தலைப்பை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கன்னியம்மா மூச்சிரைக்க வந்தாள். "அண்ணே, டீச்சர் பூட்டாங்கண்ணே." காபி குடித்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். தலைப்பை முடிக்காமலே எழுந்து நடந்தேன்.

டீச்சர் அரிச்சுவடியில் தொடங்கியவர் அல்ல. "ஆடு, இலையெல்லாம் உங்க பேரப்பசங்க படிக்கட்டும். நீங்க பொழங்கற பொருளைப் படிங்க" என்று வயரையும் ஸ்விட்சையும் மேசையில் பரப்புவார். நான் பிழையில்லாமல் எழுதிய முதல் பெரிய சொல் மின்தேக்கி. நாங்கள் கண்டன்சர் என்போமே, அதேதான். ஒருநாள் கூடத்து ஃபேன் உறுமிக்கொண்டு நின்றது. டீச்சர் குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டதும் சுற்றியது. "ஆரம்பத்துல இப்படித் தள்ளிவிடறதுதான் கண்டன்சர் வேலை. அது சோர்ந்துபோச்சு" என்றார். மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்றப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"அணைச்சது நீங்கண்ணே. அதுக்கு இன்னும் தெரியாது. உள்ளே கொஞ்சம் கரண்டை வெச்சிருக்கும்."

தடித்த வயர் கரண்டை அதிகம் குடிக்கும், பில் ஏறும் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். எங்கள் வீடுகளில் ஓடியதெல்லாம் மெல்லிய வயர். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஷிப்ட் முடிஞ்சு வரும்போது பெரிய கேட்ல இடிபடுவீங்களா, சின்ன கேட்லயா?"

"சின்ன கேட்லதான். சட்டையே கிழிஞ்சிடும்" என்றேன்.

"மெல்லிசு வயரும் அப்படித்தான். நீளமா இருந்தா இன்னும் மோசம். அந்த இடிபாடுதான் மின்தடை. வழியிலேயே சூடாகி வீணாப்போகும். போய்ச் சேர்றது கம்மி."

அந்தப் பாடம் டீச்சர் போன அன்று அவர் வீட்டு வாசலிலேயே தேவைப்பட்டது. மகள் துபாயிலிருந்து மறுநாள் காலையில்தான் வந்துசேர முடியும். நல்ல சித்திரை வெயில். பந்தலில் டீச்சரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி உறுமியது, குளிரவில்லை. பெட்டி கொண்டுவந்தவர், "கண்டன்சர் பூட்ச்சி. வேற பெட்டி திருவள்ளூர்லேர்ந்துதான் வரணும். சாய்ந்தரம் ஆயிடும்" என்றார். அதுவரை தாங்குமா, மகள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாளா என்று எல்லோரும் கலங்கி நின்றோம்.

பெட்டி உறுமும்போதெல்லாம் அதே வயரில் எரிந்த பல்பு மங்கியது. பின்கட்டு அறையிலிருந்து இழுத்துவந்த நீள வயர் அது. தொட்டேன், சுட்டது. குனிந்து, அதன்மேல் எறும்பு மாதிரி இருந்த எழுத்தை உரக்கப் படித்தேன். முக்கால் ஸ்கொயர், அதாவது மெல்லிசு வயரின் அளவு. வகுப்புக்கு வெளியே நான் உரக்கப் படித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா பெர்சு, நீ இன்ஜினியரா?" என்றார் பெட்டிக்காரர்.

"இல்லப்பா. இந்த அம்மாவோட ஸ்டூடண்ட்டு. கண்டன்சர் மேல பழி போடாத. மொதல்ல வயரை மாத்து."

"மாத்தியும் ஓடலன்னா?"

"நானே வண்டி புட்ச்சிக்கினு திருவள்ளூர் போறேன்."

கன்னியம்மா கோயில் கூடத்துக்குப் போய், பாடம் நடத்த டீச்சரே வாங்கி வைத்திருந்த நாலு ஸ்கொயர் தடித்த வயர் சுருளைத் தூக்கிவந்தாள். அதை மாட்டியதும் பெட்டி ஒரு தடவை குலுங்கியது. பிறகு சீராக ஓடியது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் பனி படிந்தது. "நல்லாத்தான் சொல்லிக் குடுத்துகிறாங்க" என்றார் பெட்டிக்காரர். அவ்வளவு துக்கத்திலும் எனக்கு உள்ளுக்குள் பூரிப்பாக இருந்தது. மறுநாள் மகள் வந்து அம்மாவின் கன்னத்தைத் தொட்டு அழுதாள்.

டீச்சரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்தச் சுருள் இப்போது கூடத்து ஆணியில் தொங்குகிறது. அதன்மேல் இருக்கும் எழுத்தை யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வேறு. டீச்சர் வாரம் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்வார். சிவப்புப் பேனாவால் திருத்தித் தருவார். திருத்த ஆள் இல்லை என்பது என் கைக்கு இன்னும் தெரியாது. வருகிற சனிக்கிழமைக்கும் அது ஒரு பக்கம் எழுதும்.