பதுங்கறைக் கதவு

நாங்கள் குடியேறிய வின்டர்தூர் நகரில், எங்கள் கட்டடத்தின் போர்க்காலப் பதுங்கறையைச் சோதிக்க நகரசபையிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தார். கட்டையாக வெட்டிய தலைமயிர், சிரிக்காத முகம். இரும்புக் கதவை மூடி, விளிம்பில் உள்ளங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். திறந்து மறுபடியும் மூடினார். உள்ளே நாங்கள் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தோம்.

“அங்கிள், இதுகளை எடுக்கவேணும்.”

“ஏன் பிள்ளை? செய்தியில வாற அந்தச் சர்வாதிகாரியோட தலைவர்மார் கதைச்சுக்கொண்டுதானே இருக்கினம்?”

“கதைச்சுக்கொண்டே அடுத்த நாட்டையும் பிடிப்பான். பிறகு உலகமே சண்டையில இறங்கும். நீங்கள் ஊரில குண்டுக்குப் பதுங்கப் பங்கர் எப்ப வெட்டினனீங்கள்?”

“பேச்சுவார்த்தை நடக்கேக்கை,” என்றேன். “அது முறியும் எண்டு எல்லாருக்கும் தெரியும்.”

அவர் கதவை இன்னொரு முறை மூடிப் பார்த்தார்.

மூட்டைகளை அன்றே மேலே ஏற்றிவிட்டேன். இப்போது செய்தியில் தலைவர்கள் கைகுலுக்கினால், நானும் கீழே போய் அந்த விளிம்பில் கை வைத்துப் பார்க்கிறேன்.