முதல் கஞ்சி

மாதாவிடம் நான் கெஞ்சியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். சிலருக்கு ஜெபமாலையைக் கையில் எடுத்ததுமே முகம் சாந்தமாகிவிடும். எனக்கு அப்படி ஆனதே இல்லை. முழங்காலில் நின்றபடியே, "இன்னா, நான் கேட்டது காதுல விழலயா?" என்று கேட்கிற ஜென்மம் நான். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னால் ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்புவார். அதைச் சொல்லி முடித்த கையோடு அவளிடம் போய், என்னை நானே காட்டிக்கொடுக்க வைத்துவிட்டாயே என்று அதற்கும் ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

இதற்குக் காரணம் என் அப்பா. எனக்கு நினைவு தெரியும் முன்பே என்னைப் பெற்றவள் போய்விட்டாள். கலசப்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் மாதா பீடத்தின் முன்னால் என்னை நிறுத்தி, "இனிமே இவதான் உனுக்கு அம்மா" என்று அப்பா சொல்லிவிட்டார். துக்கத்தில் சொன்ன வார்த்தை. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அம்மா என்று ஆகிவிட்ட பிறகு அங்கே மரியாதை என்ன, பயம் என்ன? தலைவலி வந்தாலும் அவளிடம்தான் போனேன், குழம்பில் உப்பு கூடிப்போனாலும் அவளிடம்தான் போனேன்.

கல்யாணமாகி ஜவ்வாது மலைக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். என் வீட்டுக்காரர் அங்கே வாத்தியார். நெல்லிவாசல்நாட்டைத் தாண்டி ஒரு சின்ன ஊர், சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் கொஞ்சம் வீடுகள். ஓடு போட்ட ஒரே ஒரு கட்டடம் இருந்தது. வாரநாளில் அது பள்ளிக்கூடம், ஃபாதர் ஜீப்பில் வரும் ஞாயிற்றுக்கிழமை அது கோயில். வகுப்பு நடக்கும்போது பீடத்தைத் திரைபோட்டு மூடிவிடுவோம். பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துவார்கள், மாதா திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பூசைக்கு வருகிறவர்கள் சுற்று ஊர்களிலிருந்து நடந்து வந்தார்கள். அந்த ஊருக்குள் வேதக்காரர் வீடு என்று இருந்தது எங்கள் வீடு மட்டும்தான்.

மாதாவின் சிலை, நாங்கள் சுரூபம் என்போம், பெரியது இல்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டு கைகளையும் கீழே விரித்தபடி நிற்பாள். மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் திரையை விலக்கிவிட்டு நான் ஜெபமாலை சொல்வேன். ஊர்ப் பெண்கள் வேலை முடித்து வரும் வழியில் வாசலில் நின்று பார்ப்பார்கள். அவர்களுக்கு வேறு சாமிகள் உண்டு, ஆனால் என் சாமியைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு என் வயசுதான் இருக்கும். ஒருநாள் உள்ளேயே வந்து குந்திக்கொண்டாள்.

"இம்மாம் நேரம் யாராண்ட பேசிக்னு கீற, வாத்தியாரம்மா?"

"எங்கம்மாகிட்ட."

"உங்கம்மாவா? உன்னாட்டமே இல்லியே, நல்லா செவப்பா கீறாங்களே!"

"நான் எங்கப்பா ஜாடை" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து ஊரில் அந்தச் சுரூபத்துக்கு வாத்தியாரம்மாவின் அம்மா என்றே பெயர். நானும் திருத்தவில்லை. திருத்துவதற்கு அதில் தப்பு என்ன இருந்தது?

எங்களுக்கு நெடுநாள் பிள்ளை இல்லை. அந்த வருஷங்களில் அவளிடம் நான் பேசிய பேச்சைக் காகிதத்தில் எழுத முடியாது. பிறகு ஒரு மகள் பிறந்தாள். மலைக்காற்றில் வளர்ந்த பிள்ளை, மலைப் பேச்சுதான் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயசு வருமுன்பே ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். அப்பா பாடம் நடத்தினால், "சத்தமா சொல்லு, வாத்தியாரே" என்று அதட்டுவாள். ஊர் முழுக்க அவளுக்கு வீடுதான். எந்த வீட்டில் களி கிண்டினாலும் அங்கே ஒரு உருண்டை அவளுக்கு இருக்கும். அவளைத் தேடிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திட்டுவதுதான் எனக்குச் சாயங்கால வேலை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜெபமாலை மாதத்தில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

ஐப்பசி மழை. முதலில் மழையில் ஆடிய காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். எங்களிடம் இருந்த மாத்திரையைக் கொடுத்தோம். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பிறகு விடவே இல்லை. பிள்ளை கழுத்தைத் திருப்ப முடியாமல் அழ ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையடிவாரத்து ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக அப்போதே கிளம்பினார். நானும் கூடவே ஓடினேன். பாதி வழியில் ஓடை மார்பளவு தண்ணீரோடு மண்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. தூளி கட்டித் தூக்க வந்த ஊர் ஆண்களே இறங்கிப் பார்த்துவிட்டு, "வாணாம் சார், புள்ளய வச்சிக்னு எறங்க முடியாது" என்று கரையேறிவிட்டார்கள். திரும்பி வந்தோம். அவரும் இன்னொருவரும் மட்டும் மேட்டுக் காட்டைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, டாக்டரையோ மருந்தையோ கொண்டு வருவது என்று முடிவானது. "நான் வர்ற வரிக்கும் தாக்குப் புடிச்சிக்க" என்றார். என்னிடம் சொன்னாரா பிள்ளையிடம் சொன்னாரா தெரியவில்லை.

அவர் போனதும் பிள்ளையைக் கோயிலுக்கே தூக்கிக்கொண்டு போய், பீடத்துக்கு முன்னால் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு. மழைச் சத்தத்தில் நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை. ஜெபங்களைப் புதுத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஃபாதர் எல்லோருக்கும் பழக்கிக்கொண்டிருந்த காலம் அது. நானே பிள்ளைகளுக்குப் புதுசைத்தான் சொல்லிக் கொடுத்தேன். பயத்தில் என் வாயில் வந்ததெல்லாம் சின்ன வயசில் கற்ற பழைய மந்திரம். 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்ற இடம் வந்தது. பிறந்ததிலிருந்து எத்தனை ஆயிரம் முறை அதைச் சொல்லியிருப்பேன், ஒரு நாளாவது நின்று யோசித்திருப்பேனா? எங்கள் என்றால் யார் யார்? அதில் இந்தக் குழந்தையும் உண்டா? நாக்கு அந்த இடத்தில் நின்றுவிட்டது. அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னேன்.

பிறகு மந்திரமும் போய்ப் பேச்சு வந்தது. "நீதான குடுத்த, நீயே எடுத்துக்கலாம்னு பாக்கிறியா? அதெல்லாம் நடக்காது" என்றேன். என் தலைமுடியைத் தருகிறேன் என்றேன். காலம் முழுக்கக் காவிச் சேலை கட்டுகிறேன் என்றேன். "ஒரு தடவ, இந்த ஒரு தடவ கேளு, அப்பால உன்கிட்ட ஒண்ணியும் கேக்க மாட்டேன்" என்றேன். பக்கத்து வீட்டுக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சாமியை அவளும் கூப்பிட்டிருப்பாள்.

ஜெபமாலையின் எந்த மணியில் உயிர் போனது என்று பிறகு என்னைக் கேட்டவர்கள் உண்டு. அப்போது ஜெபமாலை என் கையிலேயே இல்லை. நெற்றியில் போட்ட துணி சூடாகிவிட்டது என்று அதை நனைக்க எழுந்தேன். காலை நேரம்தான், மழை கொஞ்சம் விட்டு வெளிச்சம் வந்திருந்தது. துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரி காலைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

என் வீட்டுக்காரர் மறுநாள் மத்தியானம் வந்தார். ஓடை வடிந்து ஜீப் அக்கரை வரைக்கும் வந்திருந்தது. அவரும் ஃபாதரும் சேறோடு சேறாக நடந்து வந்தார்கள். அவர் சட்டைக்குள் மருந்துப் பொட்டலம் நனையாமல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். கோயில் கதவைப் பழுதுபார்க்க வைத்திருந்த பலகையில் ஊர் ஆட்கள் பெட்டி செய்தார்கள். கோயிலுக்குப் பின்னால் புதைத்தோம்.

"ஆண்டவரோட சித்தம்மா. மாதா உங்க கூடவே இருக்காங்க" என்றார் ஃபாதர்.

"கூட இருந்து இன்னா கிழிச்சாங்க, ஃபாதர்?" என்றேன். "உங்க ஜீப்புல எடம் இருக்குமே. அந்தச் சுரூபத்த எடுத்துக்னு போய்டுங்க. என் கண்ணுல படக் கூடாது."

அவர் கோபப்படவில்லை. என் தலையில் கைவைத்துவிட்டு இறங்கிப் போனார். சுரூபம் பீடத்திலேயே இருந்தது. திரையை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

சாப்பிடவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் தெரிந்த மட்டும் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து, "ரெண்டு வாய் குடி" என்று அழுவார். எனக்கு வாய் திறக்காது. மறுநாளும் அப்படியே. அதைவிட எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. என் மகளுக்கு வீட்டுக்கு வீடு களி உருட்டிக் கொடுத்த பெண்கள், ஒருத்திகூட ஒரு கிண்ணம் கூழ் கொண்டு வரவில்லை. வாசல் வரை வருவார்கள், நின்று அழுவார்கள், போய்விடுவார்கள். பிள்ளை செத்த பிறகு நாம் வேறு ஆள் ஆகிவிட்டோம், வேதக்காரி வீட்டில் தீட்டு என்று ஒதுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கீழே உறவுக்குச் சொல்லி அனுப்பியும் யாரும் வந்து சேரவில்லை. மேலே மாதாவும் இல்லை, ஊரில் இவர்களும் இல்லை. என்னைப்போல அனாதை உண்டா என்று கிடந்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் வாசலில் ஒரே பேச்சுச் சத்தம். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனவர், "ஐயையோ, அத ஏன் எடுத்தீங்க, ஃபாதர் வந்தா இன்னா சொல்லுவாரு" என்று பதறுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி மாதா சுரூபத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் இன்னும் ஐந்தாறு பெண்கள், ஒருத்தி கையில் சட்டி. மாதாவின் தலையில் ஒரு பழைய சேலைத் துண்டைப் போர்த்தியிருந்தார்கள். துக்க வீட்டுக்கு வருகிற பெண் அந்த ஊரில் அப்படித்தான் வருவாள்.

"எடுத்துக்னு போங்கடி!" என்று கத்தினேன். 

அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சுரூபத்தை என் எதிரே தரையில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவர்கள் வழக்கத்தைச் சொன்னாள். பிள்ளை செத்த வீட்டில் தாய்க்கு முதல் கஞ்சியைக் கண்டவள் ஊற்றக் கூடாதாம். அவளுடைய சொந்தத்தில், தானும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் ஊற்ற வேண்டுமாம். வேறு கை பட்டால் அந்தத் துக்கம் அந்த வீட்டை விட்டுப் போகாதாம்.

"எனுக்கும் ரெண்டு போச்சி, வாத்தியாரம்மா. நான் ஓடி வந்து ஊத்தி இருக்க மாட்டனா? ஆனா நான் உன் சொந்தம் இல்லியே. உன் ஜனம் கீழ கீது, ஒருத்தரும் வர்ல. நாங்கோ இன்னா பண்றதுன்னு பேசிக்னே இருந்தோம். நேத்துதான் எனுக்கு ரோசன வந்துச்சி. உங்கம்மா இங்கயே கீறாங்களே! அவங்க புள்ளய எவனோ கொன்னுட்டானுங்க, அவங்க மடியில போட்டுக்னு அழுதாங்கன்னு நீதான சொன்ன?"

ஆமாம், நான்தான் சொல்லியிருந்தேன். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, வாசலில் நின்று கேட்டவர்களுக்கு, பாடம் சொல்வதுபோல.

அவள் சட்டியிலிருந்து சாமைக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்றிய கிண்ணத்தை மாதாவின் விரித்த கைக்குக் கீழே கொண்டுபோய், அந்தக் கையில் விளிம்பு படும்படி ஒட்டிப் பிடித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "வாங்கிக்க. அவங்க குடுக்கறாங்க."

பீடத்தில் இருந்தபோது அவளை நான் அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம். தரையில் அவள் என் முகத்துக்கு நேராக இருந்தாள், ஏழைப் பெண்ணுடைய சேலைத் துண்டுக்குள். பெற்ற பிள்ளையையே காப்பாற்ற வழியில்லாமல் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவளிடமா நான் அப்படிக் கத்தினேன்? எனக்கு அழுகை வந்தது. பிள்ளையைப் புதைத்த பிறகு அன்றுதான் முதலில் வாய்விட்டு அழுதேன். ஐயோ, என் கண்ணே, என் தங்கமே என்று அந்தச் சுரூபத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெண்களும் சுற்றி உட்கார்ந்து என்னோடு அழுதார்கள். யாரும் என்னை அடங்கச் சொல்லவில்லை.

அழுது முடித்துக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன். கஞ்சி ஆறிப் போயிருந்தது, உப்பும் போதவில்லை. மாதாவிடம் அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பெண்கள் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வாத்தியாரம்மா," என்றாள், "இவங்க புள்ள செத்தன்னிக்கி இவங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துனாங்க?"

வேதத்தில் அது எழுதியிருக்கவில்லை. சின்ன வயசிலிருந்து நான் கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் யாரும் அதைச் சொல்லவில்லை. 

"அந்தச் சட்டிய இங்க வச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் இன்னொரு கிண்ணம் எடுத்து வந்தேன்.