லெனோர் வேல் அலறிய சொல்

லெனோர் வேல் என்பது திரைக்கு வைத்த பெயர். பெற்றோர் வைத்தது பொஹூமிலா ஸ்த்ராகா. 1904இல் நெப்ராஸ்காவில், செக் மொழி பேசும் ஓர் இறைச்சிக் கடைக்காரர் வீட்டில் பிறந்தாள். பதினெட்டு வயதில் ஹாலிவுட்டுக்கு வந்தவளுக்குப் பேய்ப் படங்களில் அலறும் வேலை அமைந்தது.

அப்போது படங்கள் பேசாது. காமிராவுக்குப் பக்கத்தில் நின்றபடி இயக்குநர் ஹார்லன் கத்துவார்: "வர்றான், கண்ணு! பின்னாடியே நிக்கிறான்! திரும்பாதே!" அந்தக் குரலிலேயே அவளுக்கு முதுகு சில்லிட்டுவிடும். "மமின்கோ!" என்று அலறுவாள். செக் மொழியில் அம்மாவைக் கூப்பிடும் சொல். யார் காதில் விழப்போகிறது?

1929இல் படம் பேசத் தொடங்கியது. உச்சரிப்பு பிசகியவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். லெனோருக்கு ஆங்கிலேயப் பிரபுவின் மகள் வேடம். முதலில் எடுப்பது அலறல் காட்சி. அது தேறினால்தான் ஒப்பந்தம் நீளும்.

"ஏண்டி இப்படி நடுங்குற? அலறலுக்கு ஏது உச்சரிப்பு?" என்றாள் ஒப்பனைக்காரி அடீலா.

"அந்த வார்த்தை வந்துட்டா?"

"வார்த்தையை முழுங்கு. சத்தத்தை மட்டும் விடு."

ஒலிப்பதிவில் வேறு சத்தம் விழாதபடி கதவுகளை அடைத்தார்கள். காமிராவைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஹார்லனும் வாய் திறக்கக்கூடாது. பேயாக நடித்தவனின் காலடியில்கூடக் கம்பளித் துணி. அவன் எங்கே வருகிறான் என்று சொல்ல ஆளில்லை. பட்டுச் சட்டைக்குள் அவளுக்கு வியர்த்து ஊற்றியது. சொல்லை முழுங்கினாள், அதோடு அலறலும் உள்ளே போய்விட்டது. இரண்டாம் முறையும் அப்படியே.

"என்னம்மா, மீன் மாதிரி வாயைப் பொளக்குற?" என்றார் ஹார்லன். "சத்தம் பதியுற மெழுகுத் தட்டு இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இதுவும் போச்சுன்னா நீ ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான்."

மூன்றாம் முறை. எங்கும் ஓசையில்லை. எதிர்பாராத நொடியில் பிடரியில் பேயின் ஈரக் கை பட்டது.

"மமின்கோ!"

ஹார்லன் எழுந்து வந்தார். "அது என்ன வார்த்தை?"

"அம்மான்னு..." என்று இழுத்தாள்.

"பிரபு மகளா இப்படிக் கூப்பிடுவா?"

ஒலிப்பதிவாளர் தன் அறையிலிருந்து தலையை நீட்டினார். "எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது, ஹார்லன். ஆனா ஒண்ணு, தட்டுல பதிஞ்சதுல ஒரு வார்த்தையை மட்டும் வெட்ட முடியாது."

ஹார்லன் அவளுடைய பட்டுச் சட்டையைப் பார்த்தார். "சரி, இவ மகள் இல்ல. வெளிநாட்டு வேலைக்காரி. பிரபு மகளோட பட்டுச் சட்டையைத் திருட்டுத்தனமா போட்டுப் பாத்தான்னு வச்சுக்கலாம். மகளுக்கு வேற பொண்ணைப் பிடிங்க."

ஒப்பந்தம் நீண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் லெனோருக்கு வேலை ஓயவில்லை. எல்லாம் வேலைக்காரி வேடம். எந்தப் படத்திலும் முதலில் சாகிறவள் அவள்தான். ஆனால் ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் முந்தைய நாள் அதே பயம் வந்துவிடும். இந்த முறை சத்தம் வராமல் போய்விட்டால்?